கனெடோ ஷிண்டோ: பிறருக்கு எழுதிச் சம்பாதித்துத் தன் படத்தைத் தானே எடுத்தவர்

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "குரோசவா, ஓசு பற்றித் தமிழில் நிறையப் படித்தாயிற்று. திரைக்கதை எழுத்தாளராக இருந்து இயக்குநரான ஜப்பானியர் ஒருவரின் முழுப் பயணத்தைச் சொல்லுங்கள். அடுத்தவருக்கு எழுதிக்கொண்டே தன் படத்தையும் எடுப்பது நடக்கிற காரியமா?"

நடக்கிற காரியம்தான். கிட்டத்தட்ட அறுபது வருஷம் அதைச் செய்து காட்டியவர் கனெடோ ஷிண்டோ. பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அவர் எழுதிய ஒன்று நம்மில் பலரை ஏற்கெனவே அழவைத்திருக்கிறது. இறந்துபோன எஜமானருக்காக ரயில் நிலைய வாசலில் வருஷக்கணக்கில் காத்திருந்த நாயின் கதையை, ரிச்சர்ட் கியரை வைத்து 2009இல் ஹாலிவுட்டில் எடுத்தார்களே, அதற்கு மூலம் 1987இல் செய்ஜிரோ கோயாமா இயக்கிய ஜப்பானியப் படம். அதன் திரைக்கதை ஷிண்டோவுடையது. அதை எழுதியபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார்.

1912இல் பிறந்து 2012இல் இறந்தார். சரியாக நூறு வயது. இயக்கிய படங்கள் 48. எழுதிய திரைக்கதைகள் 230க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோக்களுக்கும் மற்ற இயக்குநர்களுக்கும் எழுதிக் கிடைத்த கூலியில்தான் அவருடைய சின்னக் கம்பெனி மூச்சுவிட்டது. அதற்காக அந்த எழுத்தை வெறும் பிழைப்பு என்று தள்ளிவிட முடியாது. அதிலும் நல்ல படங்கள் பல இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹிரோஷிமாவை ஒட்டிய சயெகி பகுதியில் நிலபுலன் உள்ள குடும்பம். யாரோ வாங்கிய கடனுக்கு அப்பா ஜாமீன் நின்றார். வாங்கியவர் கைவிரிக்க, நிலம் அத்தனையும் போனது. அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கினார். நான்கு பிள்ளைகளில் ஷிண்டோ கடைக்குட்டி. ஒரு அக்காவை அமெரிக்காவில் குடியேறியிருந்த ஜப்பானியர் ஒருவருக்குப் பேசி முடித்துக் கப்பலேற்றினார்கள். அம்மா சீக்கிரமே இறந்துபோனார். இந்தச் சிறுவயதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1984இல் அக்காவின் கதையையும், 1986இல் அம்மாவின் நினைவையும் படமாக்கினார். மண்வெட்டியோடு குனிந்து நிற்கும் ஒரு பெண் அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வருவது எங்கிருந்து என்று இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

போலீஸ்காரராக இருந்த அண்ணனை அண்டி ஒனோமிச்சி ஊரில் இருந்தபோது, 1933இல், சதாவோ யாமனாகா இயக்கிய ஒரு படத்தைப் பார்த்தார். சினிமாதான் தன் வேலை என்று அன்றைக்கே முடிவு. சைக்கிள் கடையில் வேலை பார்த்துக் காசு சேர்த்து 1934இல் கியோட்டோவுக்குப் போனார். ஷின்கோ கினிமா என்ற கம்பெனியில் கிடைத்தது ஃபிலிம் கழுவும் லேப் வேலை. இயக்குநர் கனவோடு வந்தவர் நாள் முழுக்க ஈரத்தில் நின்று படச்சுருளைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த லேப்பின் கழிப்பறையில் துடைப்பதற்குக் கிழித்துப்போட்டிருந்த தாள்களில் ஏதோ அச்சடித்திருந்தது. எடுத்துப் படித்தார். எடுத்து முடித்த படங்களின் திரைக்கதைப் பக்கங்கள் அவை. ஒரு படம் முதலில் காகிதத்தில் எழுதப்படுகிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. யாருக்கும் வேண்டாம் என்று குப்பைக்குப் போன தாளில் அவர் தன் தொழிலைக் கண்டுபிடித்தார்.

கம்பெனி டோக்கியோவுக்கு இடம் மாறியபோது கலைத் துறைக்குப் போனார். செட் வரைவது, அளப்பது, கட்டுவது. அங்கே தலைமை ஹிரோஷி மிசுதானி, பெரிய இயக்குநரான மிசோகுச்சியின் படங்களுக்குக் கலை இயக்கம் செய்தவர். அந்த வழியாகத்தான் ஷிண்டோ கென்ஜி மிசோகுச்சியின் பக்கத்தில் போய் நின்றார். 1941இலும் 42இலும் வெளிவந்த, எஜமானருக்காகப் பழிவாங்கும் 47 சாமுராய்களின் கதையில் செட் வேலை செய்தார். ராத்திரியில் எழுதினார். எழுதியதைத் தயங்கித் தயங்கி மிசோகுச்சியிடம் கொடுத்தார்.

மிசோகுச்சி படித்துவிட்டுச் சொன்னது: இது திரைக்கதை இல்லை, வெறும் கதை.

உதவியாளர்களைக் கசக்கிப் பிழிபவர் என்று பெயரெடுத்தவர் மிசோகுச்சி. உனக்கு இந்தத் திறமையே இல்லை என்ற அளவுக்கு அவர் பேசியிருக்கிறார். ஷிண்டோ உடைந்துபோனார். அப்போது அவரைத் தாங்கிப் பிடித்தவர் தகாகோ. அதே சினிமாவில், காட்சிகளின் தொடர்ச்சி பிசகாமல் பார்க்கும் கன்டினியூட்டி குறிப்பெடுக்கும் வேலையில் இருந்தவர், ஷிண்டோவின் முதல் மனைவி. கியோட்டோவில் வறுமையான குடித்தனம். ஷிண்டோ வேலையைப் பின்னுக்குத் தள்ளி, நவீன நாடகங்களின் பெருந்தொகுப்பு ஒன்றை எடுத்து முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படித்தார். ஒரு காட்சி எங்கே தொடங்குகிறது, எதை மறைக்கிறது, எப்போது கதவைச் சாத்துகிறது என்று கற்றுக்கொண்டார். அவர் தேறி வருவதைப் பார்க்கத் தகாகோ இருக்கவில்லை. 1943இல் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "வெறும் கதை" என்ற அந்தத் தீர்ப்பு அநியாயமான வசை இல்லை. கதை என்பது என்ன நடந்தது என்று சொல்வது. திரைக்கதை என்பது பார்க்கிறவர் கண்முன்னால் எது, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்த மனிதரை ஷிண்டோ வாழ்நாள் முழுக்க ஆசானாகவே வைத்திருந்தார்.

1944இல், 32 வயதில், கடற்படைக்குக் கட்டாய ஆள்சேர்ப்பில் போனார். அவரோடு ஒரே குழுவில் 100 பேர். போர் வீரர்கள் என்று பெயரே தவிர, செய்தது கட்டடம் கூட்டித் துடைக்கும் வேலை. அந்த வேலை முடிந்ததும் மேலதிகாரிகள் சீட்டுக் குலுக்கினார்கள். 60 பேர் பிலிப்பைன்ஸுக்குப் போகும் கப்பலுக்கு. 30 பேர் நீர்மூழ்கிக் கப்பலுக்கு. 4 பேர் சரக்குக் கப்பல் காவலுக்கு. மிச்சம் 6 பேர், தகரசூகா நாடக அரங்கைச் சுத்தம் செய்ய. அந்த ஆறு பேரில் ஒருவர் ஷிண்டோ. மற்ற 94 பேரும் திரும்பவில்லை. போர் முடிவதற்குள், 1945 ஆகஸ்ட் 6 அன்று, சொந்த ஊர்ப் பக்கம் அணுகுண்டு விழுந்தது. இந்த இரண்டும் அவர் பிறகு எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கின்றன.

போருக்குப் பிறகு ஷோச்சிகு ஸ்டூடியோவில் சேர்ந்தார். ஷிண்டோவுக்குத் திறமை இல்லை என்ற மிசோகுச்சியே 1946இல் அவருடைய எழுத்தை வாங்கிப் படமெடுத்தார். மறு வருஷம் கோசாபுரோ யோஷிமுரா இயக்கத்தில் 'ஆஞ்சோ குடும்பத்தின் நடன விருந்து'. போருக்குப் பின் சொத்திழந்த பிரபுக் குடும்பம் ஒன்று, மாளிகை கைமாறுவதற்கு முந்தைய ராத்திரி கடைசியாக ஒரு விருந்து வைக்கிறது. செட்சுகோ ஹாரா நடித்தது. சொத்து போன வீட்டில் பிறந்தவர் எழுதியதாயிற்றே, அந்த மாளிகைக்குள் யாருக்கு எது எப்போது உறைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'கினிமா ஜும்போ' பத்திரிகை அதை 1947இன் மிகச் சிறந்த படமாகத் தேர்ந்தது. யோஷிமுரா இயக்க, ஷிண்டோ எழுத என்று அந்த ஜோடி நிலைத்தது.

ஸ்டூடியோவுக்குத்தான் பிடிக்கவில்லை. உங்கள் கதைகள் இருட்டாக இருக்கின்றன, சமூகப் பிரச்சினை அதிகம் என்றார்கள். சரி, போகிறோம் என்று 1950இல் இருவரும் வெளியேறினார்கள். நடிகர் தைஜி டோனோயாமாவும் சேர்ந்துகொள்ள, கிந்தாய் எய்கா க்யோகாய் என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 'நவீனத் திரைப்படச் சங்கம்' என்று பொருள். ஜப்பானிய சினிமாவில் பெரிய ஸ்டூடியோக்கள் நடிகரையும் இயக்குநரையும் தியேட்டரையும் மொத்தமாகக் கையில் வைத்திருந்த காலம் அது. அப்போது தனியாகக் கிளம்பியவர்களில் நிலைத்து நின்றவர்கள் மிகக் குறைவு.

1951இல் முதல் படத்தை இயக்கினார். 'அன்பு மனைவியின் கதை'. ஒரு இளம் திரைக்கதை ஆசிரியர், அவரை நொறுக்கும் பெரிய இயக்குநர், தாங்கும் மனைவி, காசநோய். அத்தனையும் சொந்தக் கதை. மனைவியாக நடிக்க நோபுகோ ஓட்டோவா தானே விரும்பி வந்தார். தகரசூகா நாடகக் குழுவிலிருந்து சினிமாவுக்கு வந்து, கன்னக்குழி அழகுக்காகவே விளம்பரப்படுத்தப்பட்ட நட்சத்திரம் அவர். அடுத்ததாக அவர் பெரிய ஸ்டூடியோவை விட்டுவிட்டு, சம்பளத்துக்கே உத்தரவாதமில்லாத ஷிண்டோவின் கம்பெனிக்கு வந்துவிட்டார். 43 வருஷம் அவருடைய படங்களில் நடித்தார். ஷிண்டோ அப்போது மறுமணம் செய்து குடும்பத்தோடு இருந்தவர். இருவரும் மணம் செய்துகொண்டது 1978இல்தான். அதற்குப் பிறகும் ஓட்டோவா ஷிண்டோவை "சென்செய்" (ஆசானே) என்றே கூப்பிட்டார். ஷிண்டோவுக்கும் அவர் எப்போதும், மரியாதையாக, "ஓட்டோவா சான்"தான்.

1952 ஏப்ரலில் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது. அதுவரை அணுகுண்டின் விளைவைத் திரையில் வெளிப்படையாகக் காட்ட வழி இல்லை. ஆகஸ்ட் 6 அன்று ஷிண்டோவின் 'அணுகுண்டின் குழந்தைகள்' வெளியாகிவிட்டது. ஹிரோஷிமா சிறுவர் சிறுமியர் எழுதிய அனுபவக் கட்டுரைகளை அராதா ஓசாதா தொகுத்த நூல்தான் அடிப்படை. ஜப்பான் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு இருந்தது. ஒரு தீவில் வேலை பார்க்கும் ஆசிரியை, விடுமுறையில் ஹிரோஷிமாவுக்கு வந்து, முன்பு தன்னிடம் மழலையர் பள்ளியில் படித்த பிள்ளைகளில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடிப் போகிறார். அவ்வளவுதான் கதை. ஓட்டோவாதான் ஆசிரியை. அந்தப் பாத்திரத்தின் பெயர் தகாகோ. இறந்த மனைவியின் பெயர்.

ஆசிரியர் சங்கத்துக்குப் படம் பிடிக்கவில்லை. கோபம் போதாது, அழுகை அதிகம் என்று நினைத்தார்கள். அடுத்த வருஷமே ஹிதேயோ செகிகாவாவை வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஷிண்டோ குற்றவாளியைத் தேடவில்லை, மிச்சமிருப்பவர்களைத் தேடினார். முகம் வெந்து, கண் போய், பிச்சையெடுக்கும் பழைய வேலைக்காரர் ஒருவர், பேரனை அந்த ஆசிரியையோடு அனுப்ப மறுக்கும் காட்சி இருக்கிறது. அவருக்கு உலகத்தில் மிச்சம் அந்தப் பேரன் ஒருவன்தான். அந்த மறுப்பில் இருக்கும் நியாயத்தையும் சுயநலத்தையும் ஒரே நேரத்தில் எழுதத் தெரிந்த எழுத்தாளர் இவர். படம் 1953இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது.

அணுகுண்டை அவர் விடவே இல்லை. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், சூரை மீன் பிடிக்கப் போன ஒரு ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. படகில் ரேடியோ கருவியை இயக்கிய ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். 1959இல் ஷிண்டோ அதைப் படமாக்கினார். ஹிரோஷிமாவில் சிக்கி இறந்த ஒரு நாடகக் குழுவைப் பற்றி 1988இல் எடுத்தார். குண்டு வெடித்த அந்தச் சில நொடிகளை மட்டுமே ஒரு முழுப் படமாக விரித்துக் காட்ட வேண்டும் என்று திரைக்கதையே எழுதி வைத்திருந்தார். அதற்கான பணம் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது 1960க்கு வருவோம். பத்து வருஷம் தனிக் கம்பெனி நடத்தியதில் கடன்தான் மிச்சம். மீன்பிடிப் படகுப் படமும் ஓடவில்லை. சரி, கலைத்துவிடுவோம், அதற்கு முன்னால் நாம் எடுக்க விரும்பியதைக் கடைசியாக ஒன்று எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். கையில் 50 லட்சம் யென். ஸ்டூடியோப் படம் ஒன்றின் செலவில் அது சிறு பங்குதான். செட்டோ உள்கடலில், மிஹாரா ஊருக்கு எதிரே, சுகுனே என்ற குட்டித் தீவு. 13 பேர் கொண்ட குழு. நடிகர்கள் என்று சொல்ல ஓட்டோவாவும் டோனோயாமாவும் மட்டும். பிள்ளைகளாக நடித்த சிறுவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். எல்லாரும் பக்கத்து சாகி தீவில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு வேலை செய்தார்கள். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போயிருந்த டோனோயாமா, சாராயம் கிடைக்காத அந்த இடத்தில் இருந்ததாலேயே உடம்பு தேறினார்.

'நேக்கட் ஐலண்ட்' என்று உலகம் அறிந்த அந்தப் படத்தில் வசனம் கிடையாது. பாட்டு உண்டு, சிரிப்பு உண்டு, அழுகை உண்டு. ஒருவரோடு ஒருவர் பேசும் பேச்சு மட்டும் இல்லை. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள். தீவில் நல்ல தண்ணீர் இல்லை. விடியும் முன்னே படகில் பக்கத்துத் தீவுக்குப் போய், மர வாளிகளில் தண்ணீர் மொண்டு, துடுப்புப் போட்டுத் திரும்பி, தோளில் காவடிபோல் தடியை வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்க, செங்குத்தான மேட்டில் ஏறி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு அகப்பை ஊற்ற வேண்டும். ஊற்றிய நொடியில் மண் குடித்துவிடும். மறுபடி கீழே. மறுபடி படகு.

வாளியில் இருந்தது நிஜத் தண்ணீர். அது ஓட்டோவாவின் நடையில் தெரியும். தடி வளைந்து ஆடும் தாளத்துக்குத் தோதாகக் கால் வைக்கவில்லை என்றால் தண்ணீர் தளும்பும். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விரலால் மண்ணைப் பற்றி, ஒரு அடி. அப்புறம் இன்னொரு அடி. கேமராமேன் கியோமி குரோடா அந்தக் கால்களை விட்டு நகரவே மாட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத் தோள் வலிக்கத் தொடங்கும்போது, அந்தப் பெண் ஒருமுறை தடுக்கி விழுகிறாள். ஒரு வாளி கவிழ்கிறது. கணவன் வருகிறான். ஓங்கி ஒரு அறை. அவள் எதுவும் சொல்லாமல் எழுந்திருக்கிறாள். கொடூரமாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு வாளி தண்ணீரின் விலை நமக்குத் தெரிந்துபோயிருக்கிறது.

பிறகு மூத்த பையனுக்குக் காய்ச்சல். அப்பா படகில் போய் டாக்டரைத் தேடி அழைத்து வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் டீச்சரும் படகில் வந்து அடக்கத்தில் நிற்கிறார்கள். மறுநாள் மறுபடி வாளி, மறுபடி மேடு. நடுவில் அவள் நிற்கிறாள். தானே, வேண்டுமென்றே, வாளியைக் கவிழ்க்கிறாள். செடிகளைப் பிடுங்கி எறிந்து மண்ணில் விழுந்து அழுகிறாள். கணவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்த முறை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறான். அவளும் எழுந்து அகப்பையை எடுக்கிறாள்.

முதல் வாளி கவிழ்ந்ததும், இரண்டாவது வாளி கவிழ்க்கப்பட்டதும், இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதும் இதில் சொல்லப்பட்டுவிட்டது. "இது திரைக்கதை இல்லை, வெறும் கதை" என்று மிசோகுச்சி சொன்னதற்கு ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து வந்த பதிலாகவே நான் இதைப் பார்க்கிறேன். மிசோகுச்சி அப்போது உயிரோடு இல்லை. 1956இலேயே இறந்துவிட்டார். ஹிகாரு ஹயாஷியின் இசை இல்லாமல் இந்தப் படத்தை நினைக்கவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே மெட்டு, சோறு தண்ணீர்போலத் திரும்பத் திரும்ப வரும்.

1961இல் மாஸ்கோ விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் கிடைத்தது. அதன் பிறகு 60க்கும் மேற்பட்ட நாடுகள் படத்தை வாங்கின. கடன் அடைந்தது. கலைப்பதாக இருந்த கம்பெனி தொடர்ந்தது.

இதே ஆள் 1962இல் இயக்குநர் யூசோ கவாஷிமாவுக்கு எழுதிய படத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முழுப் படமும் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள். அப்பா, அம்மா, மகன், மகள் நால்வரும் ஊரை ஏமாற்றிப் பிழைப்பவர்கள். மோசடி எல்லாம் வெளியே நடக்கிறது, நாம் பார்ப்பது வீட்டுக்குள் நடக்கும் பேச்சை மட்டும். பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு. வசனமே இல்லாத படத்தையும் வசனத்தாலேயே ஓடும் படத்தையும் ஒரே கை எழுதியிருக்கிறது. ஏன் முடிந்தது என்றால், இரண்டிலும் அவர் முதலில் தீர்மானித்தது எதைக் காட்டாமல் விடுவது என்பதை. யாசுசோ மசுமுராவுக்கும் நிறைய எழுதினார். 1965இல் வந்த 'செய்சாகுவின் மனைவி'யில், ருஷ்ய ஜப்பானியப் போருக்குக் கணவன் திரும்பிப் போகக் கூடாது என்று ஒரு பெண் ஆணியால் அவன் கண்களைக் குத்துகிறாள். 94 பேரைக் குலுக்கல் சீட்டில் இழந்தவர் எழுதிய காட்சி என்று தெரிந்து பார்த்தால் அந்த ஆணி வேறு மாதிரி இருக்கும். செய்ஜுன் சுசுகி, கின்ஜி ஃபுகசாகு, யோஷிதாரோ நோமுரா என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத இயக்குநர்கள் பலரும் அவருடைய பக்கங்களை வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள்.

1964இல் 'ஒனிபாபா'. இன்றைக்குத் திகில் பட ரசிகர்கள் ஷிண்டோவைத் தெரிந்துவைத்திருப்பது இதை வைத்துத்தான். 14ஆம் நூற்றாண்டு, உள்நாட்டுப் போர். ஆளுயர நாணல் காட்டுக்குள் ஒரு மாமியாரும் மருமகளும், வழிதப்பி வரும் சாமுராய்களைக் கொன்று, கவசத்தை உருவி, பிணத்தைக் குழியில் தள்ளி, கவசத்தை விற்றுத் தானியம் வாங்கித் தின்கிறார்கள். சீபா பகுதியில் நாணல் மண்டிய இடமாகப் பார்த்து, தற்காலிகக் கொட்டகை போட்டு, யூனிட் முழுவதும் மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. பாதியில் கிளம்புகிறவருக்குச் சம்பளம் கிடையாது என்று விதி வைத்திருந்தார்கள். மருமகளைப் பயமுறுத்த மாமியார் போட்டுக்கொள்ளும் பேய் முகமூடி கடைசியில் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடைத்து எடுத்தால் உள்ளே வெந்த முகம். அணுகுண்டில் சிதைந்த முகங்களை மனதில் வைத்தே அதைச் செய்ததாக ஷிண்டோ சொல்லியிருக்கிறார். மூலம் ஒரு பழைய பௌத்தக் கதை.

1968இல் அதே வழியில் 'குரோனேகோ'. கான் விழாவுக்குத் தேர்வானது, அந்த வருஷப் போராட்டங்களால் விழாவே பாதியில் நின்றது. அறுபதுகளின் பின்பாதியில் காமத்தை மையமாக வைத்து அவர் எடுத்த சில படங்கள் எனக்கு ஒட்டவில்லை. கருத்து முன்னால் நின்றுகொண்டு ஆட்களை மறைக்கிறது. 1970இல் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற 19 வயதுப் பையன் ஒருவனின் நிஜ வாழ்க்கையை எடுத்ததில் மீண்டும் பழைய ஷிண்டோவைப் பார்க்கலாம். வறுமையான அம்மா, வேலை தேடி நகரத்துக்கு வரும் பையன். மாஸ்கோவில் அதற்கும் பரிசு கிடைத்தது.

1975இல் ஆசானுக்கு ஒரு கடனைத் திருப்பிக் கொடுத்தார். மிசோகுச்சியோடு வேலை செய்த 39 பேரைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து, இரண்டரை மணி நேர ஆவணப்படம் செய்தார். துதி பாடும் படம் இல்லை. மிசோகுச்சியின் கோபம், பயம், பெண்களோடு இருந்த சிக்கல் எல்லாம் வருகிறது. நடிகை கினுயோ தனாகாவின் எதிரில் உட்கார்ந்து, மிசோகுச்சி உங்களைக் காதலித்தாரே, உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஷிண்டோ மரியாதையாக, விடாமல் கேட்கிறார். கேட்கும் குரலில் மாணவனின் தயக்கம் அப்படியே இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது அப்போது.

ஓட்டோவாவுக்கு ஈரல் புற்றுநோய், நாள் அதிகம் இல்லை என்று தெரிந்த பிறகு ஷிண்டோ அவரை வைத்து ஒரு படம் எடுத்தார். 1994இல் படப்பிடிப்பு. அந்த டிசம்பரில் ஓட்டோவா இறந்தார். படம் 1995இல் வந்தது, 'பிற்பகலின் உயில்'. முதுமையடைந்த ஒரு நடிகை மலைப்பக்கத்துக் கோடை வீட்டுக்கு வருகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணாக ஓட்டோவா. அங்கே தோட்டக்காரராக இருந்த கிழவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருக்கிறார். தன் சவப்பெட்டியின் ஆணியை அறைவதற்கு ஒரு உருண்டைக் கல்லைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மரணத்தைப் பற்றிய படம்தான். ஆனால் அதில் சிரிப்பும் கோபமும் சின்னச் சின்னத் துரோகங்களும் நிறைய. சாகப்போகும் மனைவியை நடிக்க வைத்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நடிகைக்குக் கடைசி வேலையைக் கொடுப்பதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன். நண்பன் டோனோயாமா 1989இல் இறந்திருந்தார். அவருடைய குடியையும் வாழ்க்கையையும் 2000இல் படமாக்கினார். அதில் ஓட்டோவா முன்பே பதிவான காட்சிகளில் வந்து பழைய கதை சொல்கிறார். 2002இல் ஜப்பான் அரசின் பண்பாட்டு விருது கிடைத்தது. அப்போது 90 வயது. படமெடுப்பதை நிறுத்தவில்லை.

கடைசிப் படம் 'ஒரு அஞ்சலட்டை'. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இயக்கினார், பேத்தி கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1944க்குத் திரும்பிப் போகிறார். அந்த 100 பேர், அந்தக் குலுக்கல். முகாமில் பக்கத்தில் படுத்திருந்த ஒருவர் தன் மனைவி எழுதிய அட்டையைக் காட்டியிருக்கிறார். இன்று ஊரில் திருவிழா, நீங்கள் இல்லாததால் எதிலும் களையில்லை என்ற அளவில் சில வரி. காட்டியவர் திரும்பவில்லை. ஷிண்டோ அந்த வரிகளை அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்து, 98 வயதில் படமாக்கினார். 2010இல் டோக்கியோ விழாவில் ஜூரியின் சிறப்புப் பரிசு. 'கினிமா ஜும்போ' அதை 2011இன் முதல் படமாகத் தேர்ந்தது. முதன்முதலில் அதே பத்திரிகையின் முதலிடத்துக்கு அவருடைய எழுத்து வந்தது 1947இல் என்பதை நினைவில் வையுங்கள்.

இதை 'நேக்கட் ஐலண்ட்' பார்த்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். ஏனென்றால் அந்த அட்டையை எழுதிய பெண், போரில் எல்லாரையும் இழந்த பிறகு, தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்கத் தண்ணீர் சுமந்து வருகிறாள். ஐம்பது வருஷம் கழித்து அதே நடை.

2012 ஏப்ரலில் நூறு வயது முடிந்தது. மே 29 அன்று டோக்கியோவில், வீட்டில், தூக்கத்தில் இறந்தார். அஸ்தியில் ஒரு பகுதியைச் சுகுனே தீவில் தூவினார்கள். ஓட்டோவாவின் அஸ்தியில் பாதி ஏற்கெனவே அங்கே இருந்தது.